எமன் கூப்பிடாத பெயர்

தம்பி,

உன் கடிதத்தை அம்மா ஆபீசிலிருந்து வாங்கி வந்து, கொழுந்துக் கூடையை இறக்குவதற்கு முன்பே என் மடியில் போட்டாள். "வாசிச்சுச் சொல்லுங்க, என்னவாம் புள்ளைக்கு" என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் குரல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவளுக்கு இன்னும் பழகவில்லை. அடுத்த காம்பரா வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெண் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து முடித்ததும் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான். வருகிற மாசியில் காமன் கூத்துக்கு எமன் வேஷம் கட்ட ஆளில்லை, அப்பன் குரல் உனக்கு அப்படியே இருக்கிறது, நீ வந்து காப்புக் கட்ட வேண்டும் என்று நம் தோட்டத்துத் தலைவரும் கூத்து வாத்தியாரும் பஸ் ஏறி லிந்துலைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். பங்குனியில் உனக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா, எமன் கயிறு பிடித்த கையால் என் மகள் கழுத்தில் தாலி ஏறக் கூடாது, ஏறுவதாயிருந்தால் கல்யாணமே வேண்டாம் என்கிறார். உனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா, அதுபடி செய்றேன்" என்று முடித்திருக்கிறாய். குரல்வளையை எடுத்துவிட்ட ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கிறாய். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போனால் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசி. பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்க்கிறாய், என் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மை போடாதே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெண்ணின் அப்பா இப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தபோது வருத்தமும் வரவில்லை. உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. என்ன சொல்வது, மரத்துப்போய்விட்டது. காதுக்குக் கீழிருந்து தாடை வரை தோலில் உணர்ச்சி கிடையாது. முகம் மழிக்கும்போது கத்தி கீறினால்கூடத் தெரியாது, "ஐயோ, ரத்தம் வடியுதுங்க" என்று அம்மா சொல்லித்தான் தெரியும். மூச்சு இப்போது கழுத்து ஓட்டை வழியாகப் போய்வருவதால் மூக்குக்கு வேலையே இல்லை. போன மாதம் பேக்டரிப் பக்கம் நடந்து போனேன். அடுப்பில் தேயிலை வறுபட்டுக்கொண்டிருந்தது, கொழுந்து கசக்குகிற ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வாசனைக்குள்ளேயே நின்று வேலை செய்தவன் நான். ஒன்றும் வரவில்லை. பழைய சிநேகிதர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். அவர்கள் எப்போது கையை விடுவார்கள் என்றுதான் எனக்கு இருந்தது. தோலில் ஆரம்பித்தது உள்ளேயும் போய்விட்டது என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்வதை அப்பன் உருகி உருகி எழுதுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான் எமனுக்கு முதலில் காப்புக் கட்டியது நாற்பத்தெட்டாம் வருஷம் மாசியில். அதற்கு முன் தூதன் வேஷம். ஓலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மன்மதன் வேஷத்தின் மேல் ஆசை இருந்தது. யாருக்கு இருக்காது? கரும்பு வில், பூ, கூடவே ரதி. வாத்தியாரிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒனக்கு அதெல்லாம் ஒத்துவராதுடா. நீ வாயத் தொறந்தா ரதி வேஷம் கட்டினவன் எந்திரிச்சு ஓடிருவான். எமன எடுத்துக்க. இந்தக் கொரலுக்கு வேற நாதியில்ல" என்றார். செய்தி பொகவந்தலாவை கடைவீதிக்குப் போய், அங்கிருந்து உன் அம்மாவின் அப்பா காதுக்கும் போயிற்று. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார் மனுஷர். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் மாப்புள, சிவன் வேஷமெல்லாம் குடுக்க மாட்டாங்களா? எம்மக கழுத்துல தாலி இருக்குல்ல" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அவரு சும்மா உப்பு கேட்டாலே எமன் மாதிரிதாம்ப்பா இருக்கு, வேஷம் கட்டினா என்ன இப்ப" என்றாள். அதோடு அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் உன் வருங்கால மாமனார் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெண்ணைப் பெற்றவர் அப்படித்தான் பேசுவார்.

அம்மா அன்று சொன்னது விளையாட்டுக்கு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லையாம். கல்யாணமான புதிதில் நான் எப்போதும் கோபமாகவே இருக்கிறேன் என்று நினைத்து வெகுநாள் பயந்துகொண்டிருந்தாளாம். நீயும் அதே குரலோடு ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணைக் கூட்டிவரப் போகிறாய். நம் மாதிரிக் குரல்காரர்கள் தண்ணீர் கேட்டாலும் அதட்டுவது போலத்தான் இருக்கும். கேட்ட பிறகு ஒரு சிரிப்புச் சிரித்துவிடு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த நாற்பத்தெட்டாம் வருஷக் கடைசியில்தான் நம் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தது. கொஞ்ச நாளில் ஓட்டு இடாப்பிலிருந்தும் பேர் போயிற்று. அதற்காக மாசி நிற்கவில்லை. காமன் கம்பம் ஊன்றினோம், காப்புக் கட்டினோம். காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். எந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். நம் தோட்டத்தில் மட்டும் இன்னொன்று உண்டு. காமன் எரிந்த மறுநாள் காலை, எமன் வேஷத்தைக் கலைக்காமல் பாசக்கயிற்றோடு லயம் லயமாக, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வர வேண்டும். சீக்காளிகளை அவரவர் வாசலில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். எமன் அந்த வாசலில் நின்று, கயிற்றைத் தூக்கி, அந்த ஆளின் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம், "ஒனக்கு இன்னும் நேரம் வரல. எந்திரிச்சு உள்ள போ" என்று சொல்ல வேண்டும். ஆள் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவார்கள். யார் ஆரம்பித்தது என்று வாத்தியாருக்கே தெரியாது.

இந்தச் சடங்குக்கு மெல்லிய குரல் உதவாது. பேரைக் கூப்பிடும்போது சீக்காளிக்கு எமனே வந்துவிட்டான் என்று தோன்ற வேண்டும். அப்போதுதான் "உள்ள போ" என்றதும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். எனக்கு அது வந்தது. சாதாரண நாட்களில் பிள்ளைத்தாய்ச்சிகள் என்னைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அதே ஆட்கள் மாசி வந்தால், "அண்ணே, எங்கம்மாவ மறந்துறாதீங்க, கடைசிக் காம்பரா" என்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்திலேயே சொல்லிவைப்பார்கள். உன்னையும் ஒரு வருஷம் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் பூசணிக்காயாகி உட்கார்ந்திருந்தாய். நான் உன் பேரைச் சொன்னதும், மீதியைச் சொல்வதற்குள் ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாய். லயமே சிரித்தது. வேஷம் கலைத்து வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு வாரம் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றாய். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

இனி அந்த இத்தாலிக்காரரைப் பற்றி. உனக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும், முழுதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முப்பத்து நான்கு வயசு இருக்கும். அந்தக் காலத்தில் எமன் ஊர்வலம் லயங்களை முடித்துக்கொண்டு பங்களா முற்றத்துக்கும் போகும், துரை பார்ப்பதற்காக. அந்த வருஷம் துரைசாணியின் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி, குளிருக்காக மேலே வந்து தங்கியிருந்தார். பெரிய வயிறு, நரைத்த தாடி. நான் தப்பு மேளச் சத்தத்துக்கு மேலாகக் குரல் எடுத்துப் பாடியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து, வேஷத்தைக்கூடக் கவனிக்காமல், என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, பாடு என்று சைகை காட்டினார்.

பங்களா சமையல்காரர் நம் ஆள், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவர்தான் நடுவில் நின்று சொன்னார். "அண்ணே, இவரும் ஒங்கள மாதிரி கூத்துக்காரராம். அவங்க ஊர்ல பாட்டாவே கூத்து, பேச்சே கெடையாதாம்."

"என்ன வேஷம் கட்டுவாருன்னு கேளுங்க" என்றேன்.

"கெழட்டு ராசா, சாமியாரு, பேயி, எமன் மாதிரி ஒண்ணு. கொரல் தாழ்வா இருந்தா அதுதான் குடுப்பாங்களாம்."

"மாப்புள வேஷம்?"

அதைக் கேட்டதும் அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன. சமையல்காரரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் மேடையேறியும் ஒருத்திகூட இவரக் கட்டிக்கலயாம். பொண்ணுக்கு அப்பனா வந்து, ஒனக்குக் கட்டிக்குடுக்க மாட்டேன்னு பாடுறதுதான் இவருக்குப் பொழப்பாம். மெல்லிசு கொரல்காரனெல்லாம் பொண்ணத் தூக்கிட்டுப் போயிருவானாம்."

அந்த இத்தாலிக்காரர் கல் உடைக்கிறவரின் மகனாம். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவரை ஒரு பாதிரியார் பட்டணத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஆரம்பத்தில் காவல்காரன் வேஷம். கதவைத் திறந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒரு வரி பாடிவிட்டுப் போக வேண்டும். என் தூதன் வேஷந்தான், வேறென்ன? வயிறும் தாடியும் வந்தபிறகு அப்பன் வேஷம். அப்புறம் ராசா வேஷம், பெரிய பெரிய ஊர்களில், தங்கம் பூசிய மேடைகளில். யுத்தத்தில் ஒரு கொட்டகைக்குக் கூரை போய்விட்டதாம், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே பாடினாராம். ஒரு நாள், பிள்ளையைப் பறிகொடுத்த ராசா வேஷம். பாட்டின் கடைசியில் குரல் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வாத்தியக்காரர்கள் சத்தத்தைக் கூட்டி மூடிவிட்டார்கள். சனங்கள் கை தட்டினார்கள். உள்ளே போனால் வேஷத்தைக் கழற்றிவிடுகிற ஆள், "இன்னைக்கு ரொம்ப நல்லாருந்துச்சு" என்றானாம். குரல் போனதைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லையாம். "போயிருச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியலயாம்ண்ணே" என்றார் சமையல்காரர். இதைச் சொல்லும்போது அந்த மனுஷர் சிரிக்கவில்லை.

போகும்போது ஒன்று சொன்னார். மெல்லிய குரல் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். நம் மாதிரிக் குரல் நாற்பதுக்கு மேல்தான் பழுக்குமாம், அறுபது வரை நிற்குமாம், உனக்கு இன்னும் வேளை இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள் என்றார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு மெதுவாக முனகினார். ரோலர் ஓடும்போது பேக்டரிப் பலகைத் தரை அதிருமே, அப்படி இருந்தது. அடிமட்டம் போய்விட்டது என்றாரே, மிச்சமே இவ்வளவு இருந்தது. மறுநாள் பட்டிப்பொலப் பக்கம் மலை பார்க்கப் போனவர் அப்படியே கொழும்புக்கு இறங்கிவிட்டார். நான் அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாற்பதுக்குக் காத்திருந்தேன், தம்பி. சம்பளம் கூடும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு, பிரஜாவுரிமை வரும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. நான் நாற்பது வயசுக்குக் காத்திருந்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. நாற்பது தாண்டியதும் குரல் அகலமாகிவிட்டது. நம் லயத்தில் நின்று கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் நாய் குரைத்தது. மற்றத் தோட்டத்து ஆட்கள் சீக்காளிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நம் லயத்து வாசல்களில் இடம் கேட்டு உட்கார்த்தினார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு மாசிதான் அப்படி. அப்புறம் கரகரப்பு. தேயிலைத் தூசி என்றார்கள், மிளகு ரசம் குடித்தேன், கொத்தமல்லி குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கரகரப்பு நல்லதுதான், எமனுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வாத்தியார்கூடச் சொன்னார். கடைசியில் கொழும்பில் பெரிய டாக்டர் பார்த்தார். தமிழ் தெரிந்த நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, உயிர் வேணும்னா குரலை எடுக்கத்தான் வேணுமாம்" என்றார். தலையாட்டினேன். நீ வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாய். நான் அவர்கள் கொடுத்த பாண் ரொட்டியையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அப்போதிருந்தே இப்படித்தான்.

போன மாசிக்கு நீ லீவு கிடைக்காமல் வரவில்லை. அன்று நடந்ததை அம்மாவும் உனக்குச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எமன் வேஷத்துக்கு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற பையன் ஒருவன் காப்புக் கட்டியிருந்தான். நல்ல பிள்ளை. குரல்தான் கீச்சு, அதனால்தான் இந்த வருஷம் உன்னிடம் வந்திருக்கிறார்கள். விடிந்ததும் அம்மா இஸ்தோப்பைக் கழுவி, சாக்கை நாலாக மடித்துப் போட்டு, என் கழுத்துத் துணியை மாற்றி, என்னை வாசலில் உட்கார்த்தினாள். எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று கையாட்டினேன். "சும்மா இருங்க, ஊருக்கெல்லாம் கூப்பிட்டீங்க, ஒங்களக் கூப்பிட வேணாமா" என்றாள். தப்புச் சத்தம் வந்தது. கடைசிக் காம்பராக் கிழவியை அவன் கூப்பிட்டான். "என்னடா கொசு மாதிரி கூப்புடுற, சத்தமாக் கூப்புடு, நான் போயிரப் போறேன்" என்று அவள் சண்டைக்கு வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது நம் வாசல். என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் கயிற்றைக் கீழே இறக்கிவிட்டான். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்படியே அடுத்த வாசலுக்கு நடந்தான். சனங்கள் எல்லாம் சரிதான் என்று தலையாட்டினார்கள். "பெரிய எமனாச்சே, அவரு பேர இவன் சொல்லலாமா" என்று யாரோ சொன்னார்கள். அம்மா பின்னால் ஓடினாள். "டேய், கூப்பிட்டுட்டுப் போடா. அவரும் சீக்காளிதானடா."

"அக்கா, நான் எப்பிடிக்கா அண்ணன் பேரச் சொல்லுவேன்? நாக்கு வருமா?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

மரியாதை, தம்பி. எல்லாம் மரியாதை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். தப்புச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலாக ஆட்கள் எழுந்து எழுந்து உள்ளே போனார்கள். நான் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போ என்று யாரும் சொல்லாமல் எப்படிப் போவது? வெயில் ஏறியதும் அம்மா வந்து கையைப் பிடித்து எழுப்பினாள். இந்த ஒரு வருஷத்தில் எனக்கு வலித்தது அன்று மட்டும்தான். கழுத்து வெட்டியதுகூட அப்படி வலிக்கவில்லை.

வேஷத்தில் ஒன்றும் கிடையாது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்தக் கயிற்றை ஹட்டனில் மாட்டுக் கயிறு விற்கிற கடைக்கார நானாவிடம் பேரம் பேசி வாங்கியவன் நான். மீசை ஆட்டு மயிர். நேரம் வரவில்லை என்று நான் சொன்னவர்களில் அடுத்த மாதமே போனவர்கள் உண்டு, இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவர்களும் உண்டு. எல்லாம் தெரிந்தும் அன்று அந்தச் சாக்கில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் நேரம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். சிரிக்காதே.

தீபாவளிக்கு நீ வந்தாயே, பஸ் பாதி வழியில் நின்று, மழையில் நனைந்து. வாசலில் நின்று, "கதவத் தொறங்க" என்றாய். அம்மா கையில் இருந்த மாவோடு எழுந்து ஓடினாள். "வந்துட்டீங்களா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால் அடுப்படியில் குந்திக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து உன்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னம்மா அழுவுறீங்க" என்று நீ கேட்டதற்குப் புகை என்றாள். மறுநாள் நீ இஸ்தோப்பில் நின்று பக்கத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து உன் முதுகில் கை வைத்தேன். தூசி தட்டிவிடுகிறேன் என்று நினைத்து, "போதும்ப்பா" என்றாய். நான் தூசி தட்டவில்லை. கைக்குக் கீழே அதிர்கிறதா என்று பார்த்தேன். அதிர்ந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். லயத்துச் சீக்காளிகளுக்காகக் கட்டு, காமனுக்காகக் கட்டு என்றெல்லாம் தலைவர் உனக்குச் சொல்லியிருப்பார். மன்மதன் வேஷக்காரன் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டான், அடுத்த வருஷம் யார் இருப்பார்களோ, இந்த வருஷமாவது கட்டு என்றும் சொல்லியிருப்பார். நான் அதெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்காகக் கட்டு. நான் கேட்கிறது அவ்வளவுதான். கல்யாணம் வேண்டும், வேஷம் வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, மனத்தாங்கல் வைத்துக்கொள்ளவும் இப்போது என்னிடம் சரக்கு இல்லை. லிந்துலைக்கு நானே பஸ் ஏறி வருகிறேன். உன் பழைய சிலேட்டைத்தான் இப்போது வைத்துக்கொண்டு திரிகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு உன் மாமனார் வாசலில் நின்று, பங்குனி இல்லாவிட்டால் வைகாசியில் வைப்போம் என்று எழுதிக் காட்டுகிறேன். அதற்கும் அவர் சம்மதிக்காவிட்டால் கல்யாணம் நின்றாலும் நிற்கும். அப்படி நின்றால் அது என்னால் நின்றதாகும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். முதலில் அந்தப் பெண்ணிடம் கேள். அவளுக்கு நான் எழுதியதை வாசித்துக் காட்டு, மெதுவான குரலில். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. அவள் அப்பா வேண்டாம் என்பது வேறு, அவள் வேண்டாம் என்பது வேறு.

கட்டுவதானால் ஒன்றே ஒன்று. விடிந்ததும் அம்மா என்னைச் சாக்கைப் போட்டு உட்கார்த்தி வைத்திருப்பாள். நீ கும்பிடக் கூடாது. காலைத் தொடக் கூடாது. கயிற்றைத் தூக்கி என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பன் பேரைப் பிள்ளை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவன் நீ. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா உன் அப்பா பேர் என்ன என்று கேட்டதற்கு வாயை மூடிக்கொண்டு சிலேட்டில் எழுதிக் காட்டியவன். உன் அம்மாவும் என் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. சின்னவர்களுக்கு அண்ணன், பெரியவர்களுக்கு எமன். கணக்கப்பிள்ளை ஒருவர்தான் காலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், வேலை நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால் என் பேர் காதில் விழுந்து ஒரு வருஷமாகிறது. மரத்துப்போனதிலிருந்து எனக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே விஷயம் இதுதான். தயங்காமல் சொல், முழுப் பேரையும் சொல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்க வேண்டும். சொல்லிவிட்டு, நேரம் வரவில்லை, உள்ளே போ என்று சொல்லு. நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

உன் அப்பா